பழைய இஸ்வாராவில் விரா இஞ்சின் ஏற்றலாமா? வயரிங் பெரிய வேலையா?

கேட்டவரின் நிலைமை இது: அப்பாவின் பழைய புரோட்டோன் இஸ்வாரா 1.3, கார்புரேட்டர். பாடி நன்றாக இருக்கிறது, இஞ்சின் புகை தள்ளுகிறது. புரோட்டோன் விரா 1.5 எம்பிஐ (கம்ப்யூட்டர் வைத்து இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும்) இஞ்சின், பழைய கார்களை வெட்டி விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கிறதாம். ஏற்றலாமா, வயரிங் பெரிய வேலையா என்று கேட்கிறார்.

ஏற்றலாம், நன்றாகவே ஓடும். எங்கள் வீட்டு இஸ்வாராவும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பா தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தபோது 1995-இல் வாங்கிய கார். விற்க யாருக்கும் மனம் வரவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னால், இஞ்சினை இறக்கி ஏற்ற எங்களுக்கு ஒன்றரை நாள், வயரிங் முடிக்க ஒன்பது நாள். நீங்களும் இதை வயரிங் வேலையாக நினைத்தே இறங்குங்கள். இஞ்சின் அதோடு கூட வருகிறது, அவ்வளவுதான்.

இரண்டும் மிட்சுபிஷியின் ஓரியன் குடும்பத்து இஞ்சின்கள். உங்களிடம் இருப்பது 4ஜி13, வரப்போவது 4ஜி15. அண்ணன் தம்பி மாதிரி. இதை ஏற்றிப் பழகிய போமேன் (மெக்கானிக்) கிடைத்தால் மவுண்டிங், கியர்பாக்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வயரிங் அப்படியில்லை. கார்புரேட்டர் இஞ்சினுக்கு ஸ்டார்ட்டர், காயில், ஆல்டர்னேட்டர், எண்ணெய் லைட், சூட்டு மீட்டர் என்று ஒரு கைப்பிடி வயர் போதும். எம்பிஐ-யில் நாலு இன்ஜெக்டர், த்ராட்டில் சென்சார், தண்ணீர்ச் சூட்டு சென்சார், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கிராங்க் சென்சார், மிதியை அழுத்தாதபோதும் இஞ்சினை ஓடவைக்கும் ஐடில் மோட்டார் எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டியோடு பேச வேண்டும். இதில் ஒரு வயர் பொய் சொன்னாலும் இஞ்சின் முனகும்.

அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது வயரிங்கைத்தான். அதே காரின் வயரிங், அதே காரின் கம்ப்யூட்டர், அதன் கண்ட்ரோல் ரிலே (கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), எதுவும் வெட்டப்படாமல். நாங்கள் வாங்கிய இடத்தில் அவசரத்துக்கு வயர்க்கட்டை நடுவில் கட்டரால் நறுக்கித் தந்துவிட்டார்கள். சாக்கெட் எல்லாம் இருந்ததால் நாங்களும் சரி என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். ஒன்பது நாளில் நாலு நாள் அந்த ஒரு வெட்டுக்கே போனது. வீட்டு முன்கூடத்தில் சிமெண்டுத் தரையில் வயரிங்கை விரித்துப் போட்டு, ஒவ்வொரு நுனிக்கும் மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டினோம். சிவப்பில் கறுப்புக் கோடு வேறு, கறுப்பில் சிவப்புக் கோடு வேறு. அழுக்கேறிய வயரைத் துணியால் துடைத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். இணைத்த இடத்தையெல்லாம் ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டோம். முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்ம தோட்டத்துச் செம்மண் ரோட்டுக் குலுக்கலில் அது நிற்காது.

அப்புறம், எங்களை இரண்டு நாள் அலையவைத்த ஒரு விஷயம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் ஒருமுறை இருமி அடங்கும். பெட்ரோல் இருக்கிறது, பிளக்கும் புதியது. கடைசியில் வயர்மேன் மாமா டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் எடுத்த வயரில் டெஸ்ட் லைட்டை வைத்தார். “தம்பி, சாவியை ஆன்ல வை” என்றார். லைட் எரிந்தது. “இப்ப ஸ்டார்ட் அடி.” லைட் அணைந்துவிட்டது.

சாவி ஸ்டார்ட்டுக்குப் போகும்போது பேட்டரி பலமெல்லாம் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று ஹீட்டர் ஃபேன், வைப்பர் போன்ற சில லைன்களை சாவியே துண்டித்துவிடும். நாங்கள் கம்ப்யூட்டரை அப்படி ஒரு லைனில் மாட்டியிருந்தோம். ஸ்டார்ட் அடிக்கும்போது கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தால் இன்ஜெக்டர் எப்படித் திறக்கும்? பழைய காயிலுக்குப் போன வயருக்கு மாற்றினோம். அது ஆன்-லும் ஸ்டார்ட்-லும் உயிரோடு இருக்கும். முதல் சுற்றிலேயே பிடித்தது. அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். நீங்கள் எந்த வயரையும் இணைப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். டெஸ்ட் லைட் ஒன்று போதும்.

எர்த்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள். இஞ்சினுக்கும் பாடிக்கும் தடித்த எர்த் வயர் புதியதாகப் போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள்.

பெட்ரோல் லைனும் மாறும். கார்புரேட்டருக்கு அரை பாருக்கும் குறைவான அழுத்தம் போதும். எம்பிஐ-க்கு மூன்று பார் அளவு வேண்டும். பழைய ரப்பர் குழாயும் கிளிப்பும் அதைத் தாங்காது. வெடித்தால் சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இன்ஜெக்டர் இஞ்சினுக்கான ஈஎஃப்ஐ குழாய், ஈஎஃப்ஐ கிளிப், நல்ல எலக்ட்ரிக் பம்ப். அந்தப் பம்பைக் கண்ட்ரோல் ரிலே வழியாகத்தான் ஓடவிட வேண்டும். மோதி இஞ்சின் நின்றால் பம்பும் தானாக நிற்க வேண்டும் அல்லவா? நேராகச் சாவியில் மாட்டினால் அது நிற்காது. பழைய டாங்கியில் பம்ப் உட்கார இடமில்லை என்பதால் நாங்கள் வெளியே வைத்தோம். பெட்ரோல் குறைந்திருக்கும்போது மேட்டு வளைவில் பம்ப் காற்றை இழுத்தது. பம்புக்கு எப்போதும் பெட்ரோல் தேக்கி வைக்கும் சின்ன சர்ஜ் டாங்கி ஒன்று சேர்த்ததும் சரியானது.

எல்லாம் முடிந்த பிறகும் சந்தியில் மெதுவாக்கினால் இஞ்சின் நின்றது. செக் இஞ்சின் லைட்டைச் சிமிட்டவிட்டு எண்ணினோம்: நீளமாக இரண்டு, குட்டையாக நாலு. பழுது எண் 24, அதாவது வேக சென்சார். கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் ஐடிலைத் தாங்கிப் பிடிக்கவில்லை. அந்த ஒரு வயரையும் கொடுத்ததும் குறை தீர்ந்தது. செக் இஞ்சின் லைட்டை மீட்டரில் கட்டாயம் இணைக்கச் சொல்வது இதனால்தான். அது இல்லாமல் நீங்கள் இருட்டில் தேட வேண்டிவரும்.

கடைசியாகக் காகித வேலை. ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) கேட்காமல் இஞ்சினை மாற்றாதீர்கள். இஞ்சின் எண் கிரானில் (காரின் பதிவு அட்டையில்) இருக்கிறது. புதிய எண்ணுக்கு அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். கடை ரசீதில் இஞ்சின் எண் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 1.3-க்கு ரோட் டெக்ஸ் 70 வெள்ளி (ரிங்கிட்), 1.5-க்கு 90 வெள்ளி. இருபது வெள்ளிதான் வித்தியாசம். ஆனால் எண் மாறாத கிரானோடு விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். பழைய இஞ்சினைக் கிரான் கைக்கு வரும்வரை விற்காமல் வைத்திருங்கள்.

கடைக்குப் போகும்போது இன்னொன்று. கம்ப்யூட்டர் பெட்டி மேனுவல் கியர் காரிலிருந்து வந்ததா, ஆட்டோவிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், வயர்மேன் மாமாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.