ஆஸ்திரேலியாவின் முன்னோடிப் பெண்கள்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியப் பெண்களின் வரலாறு குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: பெண்களுக்கு வாக்குரிமை தந்ததில் ஆஸ்திரேலியாதான் உலகுக்கே முன்னோடி என்று படித்தேன். உண்மையா?

வாக்களிக்கும் உரிமையை மட்டும் கணக்கில் எடுத்தால் நியூசிலாந்து முந்திக்கொண்டது; அது 1893. மறு ஆண்டு, 1894 டிசம்பரில், அன்று தனிக் காலனியாக இருந்த தெற்கு ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போனது. வாக்களிப்பதோடு தேர்தலில் நிற்கும் உரிமையையும் பெண்களுக்குத் தந்தது. அந்த இரண்டாவது உரிமை வந்த விதத்தைக் கேளுங்கள். பெண்கள் வேட்பாளராக நிற்கலாம் என்று சேர்த்துவிட்டால் மசோதாவே கவிழ்ந்துவிடும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டது. மசோதா கவிழவில்லை, இரண்டு உரிமைகளோடும் நிறைவேறிவிட்டது.

எதிரிகள் போட்ட தப்புக்கணக்கு மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். மேரி லீ போன்றோர் ஊர் ஊராகப் போய் 11,600 கையெழுத்துகளைத் திரட்டினார்கள். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டிய அந்த மனுவின் நீளம் 122 மீட்டர். 1897-இல் கேத்தரின் ஹெலன் ஸ்பென்ஸ், காலனிகளை ஒரே நாடாக இணைப்பது பற்றிப் பேசக் கூட்டிய கூட்டாட்சி மாநாட்டுக்கான தேர்தலில் நின்றார். வெற்றி கிட்டவில்லை என்றாலும் நாட்டின் முதல் பெண் வேட்பாளர் அவர்தான்.

1902-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. ஆனால் நாடாளுமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர்கள் அமர்ந்தது 1943-இல்! கீழவைக்கு ஈனிட் லயன்ஸ், செனட்டுக்கு டோரதி டாங்னி. இடையில் 41 ஆண்டுகள். ஆஸ்திரேலியப் பெண்களின் வரலாற்றைப் படிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான் என்று நான் நினைக்கிறேன். சட்டம் அனுமதித்த ஆண்டு ஒன்று, உள்ளே விட்ட ஆண்டு வேறொன்று. கீழே வரும் பதில்களிலும் இதைப் பார்ப்பீர்கள்.

மாநில அளவில் எடித் கோவன் முந்திக்கொண்டார். 1921-இல் மேற்கு ஆஸ்திரேலிய சட்டமன்றத்துக்கு, மேற்கு பெர்த் தொகுதியிலிருந்து தேர்வானார். அவரிடம் தோற்றவர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். பெண்கள் தேர்தலில் நிற்க வழிசெய்த சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. வித்தியாசம் 46 வாக்குகள்.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்: 1902 சட்டம் 'எல்லாப் பெண்களுக்கும்' என்கிறார்கள். பூர்வகுடிப் பெண்களும் அதில் அடக்கமா?

இல்லை. இதைச் சொல்லாமல் 1902-ஐக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள், ஆசியர், ஆப்பிரிக்கர், பசிபிக் தீவினர் ஆகியோரை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கியது. நியூசிலாந்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1896 தேர்தலில், பாயின்ட் மெக்லே குடியிருப்பைச் சேர்ந்த பூர்வகுடிப் பெண்கள் வாக்களித்திருக்கிறார்கள். ஆறே ஆண்டுகளில் மத்தியச் சட்டம் அவர்கள் இனத்துக்கே கதவைச் சாத்தியது. கூட்டாட்சித் தேர்தலில் பதிவு செய்துகொள்ளும் உரிமை எல்லாப் பூர்வகுடிகளுக்கும் வந்தது 1962-இல்தான்.

1967 பொது வாக்கெடுப்பில்தான் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் வழிசெய்ததே அந்த வாக்கெடுப்பு. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். அந்த வெற்றியின் முகமாக இருந்தவர் ஃபெய்த் பாண்ட்லர். அவருடைய தந்தை, குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காகச் சிறுவயதிலேயே பசிபிக் கடலின் அம்பிரிம் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். அரசியலமைப்பையே மாற்ற வேண்டும் என்று ஃபெய்த்தை உந்தியவர் ஜெஸ்ஸி ஸ்ட்ரீட். 1945-இல் ஐ.நா. சாசனம் உருவான சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குச் சென்ற ஆஸ்திரேலியக் குழுவில் இருந்த ஒரே பெண் அவர். பிறந்தது நம் ராஞ்சியில்.

கீழவைக்கு ஒரு பூர்வகுடிப் பெண் முதன்முறையாகத் தேர்வானது 2016-இல். அவர் லிண்டா பர்னி.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்: நம் சென்னைக்கும் இந்த வரலாற்றுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு ஐயா. கரோலின் சிஷோம். கணவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. 1830-களின் தொடக்கத்தில் கரோலின் மதராஸ் வந்தார். படைவீரர்களின் மகள்கள் கவனிப்பாரில்லாமல் படைக்குடியிருப்பில் சுற்றித் திரிவதைப் பார்த்து, அவர்களுக்காக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். 1838-இல் குடும்பத்தோடு சிட்னி போனார். அங்கே கப்பல் கப்பலாக வந்திறங்கிய இளம்பெண்கள் தங்க இடமின்றித் தெருவில் நின்றார்கள். மதராஸில் கற்ற பாடம் அங்கே கைகொடுத்தது.

ஆளுநரிடம் விடாமல் கேட்டு, 1841-இல் பழைய குடியேற்றக் கொட்டடியின் ஒரு பகுதியைப் பெற்றார். முதல் இரவு அங்கே தனியாகப் படுத்தவர் விளக்கேற்றிப் பார்த்தால், எங்கு பார்த்தாலும் எலிகள். அவர் ஓடிப்போய்விடவில்லை. ரொட்டியை எலிகளுக்கு எட்டும்படி வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்து வைத்த தீனியில் பாஷாணம் கலந்திருந்தது. இடம் சுத்தமானது. பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

நகரத்தில் எல்லோருக்கும் வேலை கிடைக்காது என்பதால், பெண்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, தாம் வெள்ளைக் குதிரையில் முன்னே போய், உள்நாட்டுப் பண்ணைகளில் வேலைக்குச் சேர்த்துவிட்டு வருவார். வேலைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தமும் உண்டு. சில ஆண்டுகளில் இப்படி வாழ்வு பெற்றவர்கள் சுமார் 11,000 பேர். நம் ஊரிலிருந்து போனவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மதராஸ் பள்ளி ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு மகள்களின் தாய், சிட்னி: அக்கா, என் மூத்தவளுக்கு இயற்பியல் என்றால் உயிர். அவளுக்குச் சொல்ல ஓர் ஆஸ்திரேலியப் பெண் விஞ்ஞானி?

ரூபி பெய்ன்-ஸ்காட்டைச் சொல்லுங்கள் தங்கையே. நீங்கள் வசிக்கும் நகரத்திலேயே அவர் வேலை செய்த இடம் இருக்கிறது. டோவர் ஹைட்ஸ் பாறை முனை. ஒரு மாலை மகளை அங்கே அழைத்துப் போங்கள்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். இரண்டாம் உலகப்போரில் ராடார் ஆய்வுக்காக அரசு அறிவியல் நிறுவனத்தில் 1941-இல் சேர்ந்தார். போர் முடிந்ததும் அவருடைய குழு ராடார் கருவிகளைச் சூரியனை நோக்கித் திருப்பியது. சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகள் அதன் எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன என்று கண்டறிய வேண்டும். அதற்கு அன்றிருந்த ஒற்றை ஆன்டெனா போதாது. அவர்கள் கடலைப் பயன்படுத்தினார்கள். விடியலில் சூரியனிலிருந்து அலைகள் நேராக ஆன்டெனாவை வந்தடையும். அதே அலைகள் கடல்பரப்பில் பட்டுத் தெறித்தும் வந்து சேரும். இரண்டும் கலக்கும்போது சமிக்ஞை கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்தால் மூலம் எங்கே என்று கணக்கிடலாம். 1946 ஜனவரி 26 அன்று விடியற்காலையில் ரூபி பதிவு செய்த அளவீடு இந்த முறையின் தொடக்கம். வலுவான அலைகள் சூரியப் புள்ளிகள் இருந்த பகுதியிலிருந்து வந்தது தெரிந்தது. பல ஆன்டெனாக்களை இணைத்து வானத்தைப் பார்க்கும் இன்றைய தொலைநோக்கிகளின் வேர்களில் ஒன்று அந்தப் பாறை முனையில் இருக்கிறது.

அடுத்ததையும் மகளிடம் மறைக்காதீர்கள். அன்று அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்குத் திருமணமானால் நிரந்தர வேலை போய்விடும். ரூபி 1944-இல் திருமணம் செய்துகொண்டு, அதை அலுவலகத்தில் சொல்லாமலே வேலை பார்த்தார். 1950-இல் விஷயம் வெளியே வந்தது. நிரந்தரப் பணி போனது, அதோடு ஓய்வூதிய உரிமையும் போனது. மறு ஆண்டு பிள்ளைப்பேறு. பேறுகால விடுப்பு என்ற ஏற்பாடே இல்லாததால் வேலையை விட்டார். பின்னாளில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தினார். அந்தத் திருமணத் தடையை அரசு நீக்கியது 1966-இல். அத்தனை கூர்மையான மூளையை இழக்க ஒரு நாடு விதி எழுதி வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இளையவளுக்கு உயிரியல் பிடித்தால், ஹோபார்ட்டில் பிறந்த எலிசபெத் பிளாக்பர்ன் இருக்கிறார். குரோமோசோம் முனைகளைப் பாதுகாக்கும் டெலோமியர் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோபல் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பெண் அவரே.

கிரிக்கெட் ரசிகர், கோவை: ஒரு நாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் சச்சின் டெண்டுல்கர் அடித்ததுதானே?

ஆண்களில் சச்சின், 2010-இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1997 உலகக்கோப்பையில், டென்மார்க்குக்கு எதிராக பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 ரன் எடுத்துவிட்டார். மைதானம் மும்பையில் இருக்கிறது!

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் யார்? ஆண்களில் இயன் போத்தம், 1980, அதுவும் மும்பையில்தான். ஆண் பெண் இருபாலரிலும் முதல் ஆள் பெட்டி வில்சன். 1958-இல் மெல்பர்னில், இங்கிலாந்துக்கு எதிராக. ஆஸ்திரேலியா 38 ரன்னுக்குச் சுருண்டது. பெட்டி பந்தை எடுத்தார். ஏழு ரன் கொடுத்து ஏழு விக்கெட், அதில் ஒரு ஹாட்ரிக். இங்கிலாந்து 35-க்கு ஆல் அவுட். இரண்டாம் இன்னிங்ஸில் சதம் அடித்துவிட்டு மேலும் நான்கு விக்கெட் எடுத்தார்.

நீச்சல் பயிற்சியாளர், கொழும்பு: ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முதல் பெண் ஆஸ்திரேலியர் என்கிறார்களே?

ஆம், ஃபானி டூராக். 1912 ஸ்டாக்ஹோம், 100 மீட்டர். வெள்ளியும் சிட்னிக்கே, அவருடைய தோழி மினா வைலி. இவர்கள் போவதற்குக் குறுக்கே நின்றது எது தெரியுமா? பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதியேதான். ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்றது அது. சங்கத் தலைவி ரோஸ் ஸ்காட், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். அப்படிப்பட்டவரே இதை எதிர்த்தார். பெண்ணுக்காகப் போராடியவர்கள் எல்லா விஷயத்திலும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எண்ணிவிடாமல் இருக்க இந்த நிகழ்ச்சி உதவும். பொதுமக்களின் கோபத்துக்குப் பிறகு சங்கம் இறங்கி வந்தது. பயணச் செலவுக்கு மட்டும் அவர்களே வழி தேட வேண்டியிருந்தது. தொடர் நீச்சலுக்கு நால்வர் வேண்டும், இருந்தது இருவர். ஆளுக்கு இரண்டு முறை நீந்துகிறோம் என்று கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை.

தொழிற்சங்க ஊழியர், திருப்பூர்: சம ஊதியப் போராட்டத்தில் குறிப்பிடத்தக்க பெண் யார்?

ஜெல்டா டப்ரானோ. இறைச்சித் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் எழுத்தர். 1969-இல் சம ஊதிய வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆண்கள் செய்யும் அதே வேலையைச் செய்யும் பெண்களுக்கு மட்டுமே சம ஊதியம் என்றது அது. பெண்கள் பெரும்பாலும் பெண்களே செய்யும் வேலைகளில்தான் இருந்தார்கள். ஆக, மிகச் சிலருக்கே பலன். அக்டோபர் 21 அன்று ஜெல்டா மெல்பர்னில் மத்திய அரசு கட்டடத்தின் வாசலில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். போலீஸார் வந்து சங்கிலியை வெட்டினார்கள். சில நாட்களில் இன்னும் இரண்டு பெண்களோடு தீர்ப்பாயத்தின் வாசலில் மறுபடியும் சங்கிலி.

உங்கள் தோழர்களிடம் சொல்ல ஏற்ற செய்தி ஒன்று உண்டு. அவரும் தோழிகளும் டிராமில் ஏறி, எங்களுக்கு ஆண்களின் சம்பளத்தில் 75 சதவீதம்தான் தருகிறார்கள், ஆகவே டிக்கெட்டுக்கும் 75 சதவீதம்தான் தருவோம் என்றார்கள். டிராம் முழுக்க அந்தப் பேச்சுதான். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற தீர்ப்பு 1972-இல் வந்தது.

இல்லத்தரசி, சேலம்: இலங்கையில் 1960-லேயே, இந்தியாவில் 1966-லேயே பெண் பிரதமர். ஆஸ்திரேலியாவில் ஏன் 2010 வரை ஆனது?

நல்ல கேள்வி அம்மா. சிறிமாவோ மறைந்த பிரதமரின் மனைவி, இந்திரா பிரதமரின் மகள். 1943-இல் கீழவைக்குள் நுழைந்த ஈனிட் லயன்ஸும் மறைந்த பிரதமர் ஒருவரின் மனைவிதான். திறமை அவர்களுக்கு நிறையவே இருந்தது. ஆனால் கதவைத் தட்டும் தூரத்தில் அவர்களைக் கொண்டு நிறுத்தியது குடும்பம். அந்த உதவி இல்லாத பெண்ணுக்குக் கட்சி சீட்டு தர வேண்டும், அதுவும் வெல்லக்கூடிய தொகுதியில். தொழிற்கட்சி 1994-இல்தான், வெல்லக்கூடிய தொகுதிகளில் 35 சதவீதம் பெண்களுக்கு என்று விதி வகுத்தது. 2010-இல் பிரதமரான ஜூலியா கில்லார்ட் நாடாளுமன்றத்துக்கு வந்தது 1998. இந்த விதி இல்லாவிட்டாலும் அவர் வந்திருக்கலாம்; அவரோடு அத்தனை பெண்கள் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: பேச்சுப் போட்டிக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?

நீங்கள் சட்டம் படிப்பதால் எடா எவன்ஸ். சிட்னி பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவர் வெளிநாட்டில் இருந்தபோது அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்த தலைவருக்குக் கடும் கோபம். சட்டம் படிக்க உடல்வலு போதாது, மருத்துவத்துக்குப் போ என்றார். எடா போகவில்லை. 1902-இல் பட்டம் பெற்றார். சட்டப் பட்டம் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பெண். ஆனால் பெண்ணை வழக்கறிஞராகச் சேர்க்க முன்னுதாரணம் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மனுமேல் மனு கொடுத்தார். 1918-இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை மாற்றியது. 1921 மே மாதம் வழக்கறிஞராகப் பதிவானார்.

வழக்குகள் வந்தபோது அவர் ஏற்கவில்லை. படித்து முடித்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன, அனுபவமில்லாமல் வாதாடி, பெண்களுக்குத் திறமை போதாது என்று பேச இடம்கொடுக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். பேச்சில் இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். பட்டத்தையும் பதிவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, நடுவில் போன பத்தொன்பது ஆண்டுகளைப் பற்றி மீதி நேரம் பேசுங்கள்.