டால்மேஷியனுக்குச் சிறுநீர்க் கல்: போர் தண்ணீர் காரணமா?

கேள்வி: தோட்டக் காவலுக்கு 4 வயது டால்மேஷியன் கடுவன் வளர்க்கிறேன். மூத்திரம் ரத்தத்தோடு சொட்டுச் சொட்டாக வந்தது. டாக்டர் ஆபரேஷன் செய்து கல்லை எடுத்தார். யூரேட் கல் என்றார். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆனால் அதையே குடிக்கும் நாட்டு நாய்க்கு ஒன்றுமில்லை. பக்கத்து ஊர் டால்மேஷியன் பெட்டையோடு சேர்க்கக் கேட்கிறார்கள், சேர்க்கலாமா?
- விவசாயி, பல்லடம்

பதில்: தண்ணீர்மேல் பழி போடாதீர்கள், இது பிறவிக் கோளாறு. மற்ற பெரும்பாலான நாய்களின் ஈரல், யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடும். டால்மேஷியனுக்கு அந்த அமிலத்தை ஈரல் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் மரபணு பழுது. அமிலம் அப்படியே மூத்திரத்தில் இறங்கிக் கல்லாகிறது. பெட்டைக்கும் இதே கோளாறு உண்டு. மூத்திரக் குழாய் அகலம் என்பதால் சிறு கல் வெளியேறிவிடும். கடுவனின் குறிக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அதன் அடிப்பள்ளத்தில்தான் குழாய் ஓடுகிறது. கேழ்வரகு அளவுக் கல்லும் அந்த எலும்புக்குப் பின்னால் வந்து சிக்கிக்கொள்ளும்.

கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஈரல், சுவரொட்டி, குடல் போடுகிறீர்களா? அவை யூரிக் அமிலத்தைக் கூட்டும், இன்றே நிறுத்துங்கள். நெத்திலிக் கருவாடும் ஆகாது. சோறு, முட்டை, தயிர் போதும். சோற்றில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கரைத்து வையுங்கள். ராத்திரி கட்டிப்போடும் முன் ஒருமுறை வெளியே விடுங்கள். யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அலோபூரினால் மாத்திரையை டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள். மாத்திரையும் கொடுத்து ஈரலும் போட்டால் சாந்தைன் என்ற வேறு கல் உருவாகும்.

யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் கேளுங்கள். கால் தூக்கி முக்கியும் சொட்டுகூட வராவிட்டால் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

சேர்க்கை வேண்டாம் என்பேன். கலப்பில்லாத இரண்டு டால்மேஷியன்கள் சேர்ந்தால் அத்தனை குட்டிக்கும் இந்தக் குறை இருக்கும். எல்லாவற்றுக்கும் கல் வராதுதான். ஆனால் எதற்கு வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1973-ல் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து, புள்ளியும் குறையாமல் இந்தக் கோளாறும் இல்லாத வழியை உருவாக்கிவிட்டார்கள். அந்த வழிக் குட்டி என்று யாராவது விற்றால் மரபணுச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.