இரண்டு அம்மீட்டர், எட்டுக் கேள்வி, ஒரு நோட்டு

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினொரு ஆண்டுகளாக அறிவியல் எடுக்கிறேன். பயிற்சிக்கென்று வட்டார வள மையத்துக்குப் போய்வந்த சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆனால் பாடத்தில் வளர்ந்ததாகத் தோன்றவில்லை. ஆராய்ச்சி செய்ய ஆசை. அதற்கு பிஎச்.டி.தான் வழியா? எங்கள் ஆய்வகத்தில் உருப்படியாக இருப்பவை இரண்டு அம்மீட்டரும் கொஞ்சம் கம்பியும்தான். எங்கே விண்ணப்பிக்கலாம்?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: விண்ணப்பம் அப்புறம் இருக்கட்டும் டீச்சர். முதலில் மின்னோட்டத்தை அளக்கும் அந்த இரண்டு அம்மீட்டரையும் வெளியே எடுங்கள். கையில் ஒரு சிறிய ஆய்வு இருந்தால் எங்கே போனாலும் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். அது இல்லாமல் போனால், கோப்பில் இன்னொரு சான்றிதழ்தான் சேரும்.

பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று உங்கள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் நம்புகிறார்கள்? ஓம் விதிக் கணக்கைத் தப்பில்லாமல் போடும் பிள்ளைகளிலும் பலர் நம்புவார்கள். மின்சுற்றைப் பற்றிப் பிள்ளைகள் மனதில் இருக்கும் எண்ணங்களை நியூசிலாந்தின் ரோஜர் ஆஸ்போர்ன் 1980களில் நான்காகப் பிரித்தார். ஒரே கம்பி போதும் என்பது ஒன்று. இரு முனையிலிருந்தும் வரும் மின்னோட்டம் பல்பில் மோதுகிறது என்பது இன்னொன்று. பல்பு கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது என்பது மூன்றாவது. சுற்றில் எங்கும் ஒரே அளவு என்ற சரியான எண்ணம் நான்காவது. உங்கள் பிள்ளைகள் இந்த நான்கில் எங்கே நிற்கிறார்கள், எந்தச் செயல்பாடு அவர்களை அங்கிருந்து நகர்த்துகிறது? ஆய்வுக்கு இந்த ஒரு கேள்வி தாராளம்.

பாடம் தொடங்கும் முன் எட்டுக் கேள்விகளோடு ஒரு முன்தேர்வு வையுங்கள், இருபது நிமிடம். ஒவ்வொன்றிலும் விடையைக் குறித்துவிட்டு ‘ஏன்?’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆய்வுக்கு உயிரே அந்த ஒரு வரிதான். பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் போதும். வினாத்தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள், விடையை வகுப்பில் பேசாதீர்கள். பேசிவிட்டால், அதே கேள்விகளோடு பாடத்துக்குப் பிறகு வைக்கும் பின்தேர்வு வெறும் ஞாபகச் சோதனையாகிவிடும்.

செயல்பாட்டுக்கு 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, 2.5 வோல்ட் டார்ச் பல்பு ஒன்று, சாவி (சுவிட்ச்), 0–500 மில்லி ஆம்பியர் அம்மீட்டர். பல்புக்கு முன்னும் பின்னும் எவ்வளவு காட்டும் என்று எல்லோரும் முதலில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகுதான் சாவியைப் போடலாம்.

சிக்கல் வருவது இங்கேதான். இரண்டு அம்மீட்டரையும் முன்னும் பின்னுமாக இணைத்தால், ஒன்று 280, மற்றொன்று 270 என்று காட்டக்கூடும். பழைய பள்ளி அம்மீட்டர்களில் இந்த வித்தியாசம் சாதாரணம். பிள்ளைகளோ “பாத்தீங்களா டீச்சர், பத்தை பல்பு குடிச்சிருச்சு” என்று முடிவு கட்டிவிடுவார்கள், தவறான எண்ணம் இன்னும் இறுகிவிடும். ஆகவே முதலில் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு கருவிகளையும் இடம் மாற்றி அளந்து காட்டுங்கள். குறைவாகக் காட்டும் கருவி எங்கே வைத்தாலும் குறைவாகவே காட்டும். சாவியைப் பத்து விநாடிக்கு மேல் போட்டு வைக்காதீர்கள். மின்கலம் தளர்ந்து அளவீடு இறங்கினால் அதையும் பல்பின் தலையில் கட்டிவிடுவார்கள். அம்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேரடியாக இணைக்க யாரையும் விடாதீர்கள், கருவி போய்விடும்.

பின்தேர்வை மறுநாளே வைக்க வேண்டாம், மூன்று வாரம் கழியட்டும். இரண்டு தேர்வும் எழுதிய பிள்ளைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். வகுப்புச் சராசரி 30 சதவீதத்திலிருந்து 58 ஆகியிருந்தால், உயர்வு 28, நூறு வரை உயர இருந்த இடம் 70, 28ஐ 70ஆல் வகுத்தால் 0.4. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் 62 இயந்திரவியல் வகுப்புகளை இப்படிக் கணக்கிட்டு 1998இல் வெளியிட்டார்: விரிவுரை மட்டும் நடந்தவற்றில் சராசரி 0.23, மாணவர் ஈடுபட்டுக் கற்றவற்றில் 0.48. அவருடைய பாடமும் வினாத்தாளும் வேறு என்பதால் உங்கள் எண்ணை நேரடியாக அவற்றோடு ஒப்பிட முடியாது. கணக்கிடும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

‘பி’ பிரிவோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். ஒன்று தமிழ்வழி, மற்றொன்று ஆங்கிலவழி என்றால் அந்த ஒப்பீடு நிற்காது. ஒரே வகுப்பின் முன்னும் பின்னும் பார்ப்பதே நேர்மையானது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அன்றன்று ஐந்து வரி நோட்டில் எழுதுங்கள், பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே.

இனி எங்கே போவது? பக்கத்தில் இருப்பது டயட், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்யும் செயலாராய்ச்சிக்கு அங்கிருந்து அழைப்பு வரும்போது ஐந்தாறு பக்கத்தில் கொடுங்கள். ‘அறிவியலில் கற்றல் அடைவை மேம்படுத்துதல்’ போன்ற தலைப்பு வேண்டாம், அதில் கேள்வியே இல்லை. ‘பல்பு மின்னோட்டத்தைச் செலவழிக்கிறது என்ற எண்ணத்தை மாற்ற, கணித்துப் பின் அளக்கும் முறை உதவுகிறதா?’ என்று வைத்தால் படிப்பவருக்கு உடனே பிடிபடும்.

1984இல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். மும்பை மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இந்தத் துறைக்கென்றே இருக்கிறது. அதன் ‘விக்யான் பிரதிபா’ கற்றல் அலகுகளை இணையத்தில் இலவசமாக எடுத்து வகுப்பில் செய்து பார்க்கலாம். கர்நாடகத்தின் செல்லக்கெரேயில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் ஆசிரியர்கள் தங்கிப் பரிசோதனை செய்யும் பயிற்சி நடக்கிறது. ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் 1998 முதல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடையில் பன்னாட்டு முகாம் நடத்துகிறது. ஆங்கிலத்தில்தான் நடக்கும். அரசு ஊழியர் என்பதால் பாஸ்போர்ட்டும் தடையின்மைச் சான்றும் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அந்த வேலையை முன்கூட்டியே ஆரம்பியுங்கள். வெளியூர்ப் பயிற்சி எதுவானாலும் ஓ.டி. ஆணை (பயிற்சி நாட்களைப் பணி நாட்களாகக் கருதும் ஆணை) கையில் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

பிஎச்.டி. ஒன்றே வழி என்பதில்லை. சேர்வதானால் துறையின் முன் அனுமதியைப் பதிவுக்கு முன்பே வாங்குங்கள்.

மின்னோட்டப் பாடத்தைத் தொடங்கிவிட்டால் இந்த ஆண்டுக்கான முன்தேர்வு கைநழுவிவிடும். எட்டுக் கேள்விகளை இந்த வாரமே எழுதி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். வாக்கியம் புரியாமல் அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்தி எழுதிய பிறகு நகல் எடுக்கலாம்.