டைனோசர் எலும்பை ஆராய எந்தப் பட்டம்?

கேள்வி: மன்னார்குடியில் பிளஸ் டூ படிக்கிறேன், பயோ-மேத்ஸ் குரூப். டைனோசர் எலும்புகளை ஆராய ஆசை. அப்பா, "கீழடிக்குக் குழி தோண்டப் போறியா, வேலை கிடைக்குமா?" என்கிறார். எந்தப் பட்டத்தில் சேரலாம்?

பதில்: கீழடி, கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் தொல்லியல், மனிதர் விட்டுச் சென்றதைத் தேடுவது. நீங்கள் கேட்பது முதுகெலும்பித் தொல்லுயிரியல், அதாவது முதுகெலும்புள்ள பழங்கால விலங்குகளின் புதைபடிவங்களை ஆராய்வது. அதற்கு வாசல் பி.எஸ்சி. ஜியாலஜி (பாறைகளையும் நில அடுக்குகளையும் படிப்பது). விலங்கியல் முடித்துவிட்டு மேற்படிப்பில் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், எம்.எஸ்சி. ஜியாலஜிக்குப் பெரும்பாலும் இளநிலையிலேயே அந்தப் பாடம் கேட்பார்கள். திருச்சி நேஷனல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் இந்தத் துறை உண்டு. மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமில் ஜியாலஜி தாள் எழுதித் தேறினால் ஐ.ஐ.டி.க்குப் போகலாம். கட்ச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை வைத்து 2024இல் வாசுகி என்ற ராட்சதப் பாம்பை அறிவித்தவர்கள் ரூர்க்கி ஐ.ஐ.டி.காரர்கள்.

ஜியாலஜி வகுப்பில் சிப்பியும், சுருள் ஓடுள்ள அழிந்துபோன கடலுயிரியான அம்மோனைட்டும்தான் அதிகம் வரும். எலும்பை நீங்களாகத்தான் பழக வேண்டும். விரால் மீன் தலையை மெல்லிய சூட்டில் வேகவைத்துச் சதையை எடுங்கள். தளதளவெனக் கொதித்தால் மெல்லிய எலும்புகள் உருக்குலையும். கொழுப்புப் போகச் சோப்புத் தண்ணீரில் சில நாள் ஊறட்டும். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், எலும்பு சுண்ணாம்பாகப் பொடியும். பிறகு ஒவ்வொரு துண்டும் தலையில் எந்த இடம் என்று வரைந்து பாருங்கள். கோழி, ஆட்டு எலும்புகளையும் இப்படியே பழகுங்கள். உடைந்த துண்டைப் பார்த்து இன்ன எலும்பு என்று சொல்லும் கண் இப்படித்தான் வரும்.

கொள்ளிடம் தாண்டினால் அரியலூர். டைனோசர் காலத்துப் பாறைகள் அங்கே வெளியில் தெரிகின்றன. அங்குள்ள கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரின் கால் எலும்பு 2 மீட்டர் நீளம். அது பொடிந்து போய்விட்டது. இன்று சோதித்துப் பார்க்க எலும்பே இல்லை. அதனால் எலும்பைக் காப்பாற்றும் வேலையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 பசையை நன்கு உலர்ந்த எலும்பில் மட்டும் ஊற்ற வேண்டும், ஈரமிருந்தால் வெள்ளை பூத்து உரியும். எலும்பு உடையாமல் எடுத்துவர அதன்மேல் பிளாஸ்டர் கட்டுமுன் நனைத்த டிஷ்யூ தாளைப் போர்த்துங்கள்; இல்லையேல் பிரிக்கும்போது எலும்பின் மேற்பரப்பும் சேர்ந்து வரும். தனியாகப் போய்த் தோண்டாதீர்கள், கல்லூரிக் களப்பயணத்தில் போங்கள். எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்று குறிக்காமல் எடுத்த எலும்பு ஆய்வுக்குப் பாதி வீண்.

பிஎச்.டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் புவி அறிவியல் தாள் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரைவிட, வழிகாட்டி அண்மையில் எந்த எலும்பைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனம் இரண்டையும் விசாரியுங்கள்.

அப்பாவின் கவலை நியாயமானது. இந்தத் துறைக்கென்றே உள்ள பணியிடங்கள் மிகக் குறைவு. ஆனால் அதே எம்.எஸ்சி.யை வைத்து யு.பி.எஸ்.சி.யின் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வெழுதி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேரலாம். நிலத்தடி நீர், சுரங்கம், சிமென்ட் ஆலை வேலைகளும் உண்டு. எம்.எஸ்சி. கடைசி ஆண்டில் நெட்டுக்கும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகுங்கள், பாடங்கள் பெருமளவு ஒன்றுதான்.