டவர் சொல்லும் இடம்

அன்புள்ள ஐயா,

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் வசிக்கிறேன். யானைமலை அடிவாரத்தில் எங்களுக்குச் சிறிய தோட்டம் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பா, கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார். கையிலிருந்த பட்டன் போனிலிருந்து அவரே அவசர உதவிக்கு அழைத்திருக்கிறார். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த இடமோ மலைக்கு மறுபக்கம். வண்டி சுற்றிக்கொண்டு வந்து சேர வெகுநேரம் ஆகிவிட்டது. இப்போது தேறிவிட்டார். டவரை வைத்தே குற்றவாளியைப் பிடித்தார்கள் என்று நாளிதழில் படிக்கிறோமே, அப்பாவை மட்டும் ஏன் மலை தாண்டிக் காட்டியது? இன்னும் சில டவர்களை நட்டால் இது சரியாகிவிடுமா?

ஒரு வாசகர், ஒத்தக்கடை

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா தேறியது அறிந்து நிம்மதி. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டவர்களைக் கூட்டுவது ஓரளவுக்குத்தான் உதவும். கிடைக்கிற அளவுகளில் எவற்றை நம்பக் கூடாது என்று கண்டுகொள்வதே இந்தத் துறையின் பெரும்பாடு.

பட்டன் போன்களில் பெரும்பாலும் ஜிபிஎஸ் கிடையாது என்பதால், அப்பா இருந்த இடத்தைச் செல்போன் வலையமைப்புதான் கணித்தாக வேண்டும். ஒரு டவரில் பொதுவாக மூன்று திசைகளைப் பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும்; அவற்றில் எது போனோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது முதல் தடயம். சிக்னல் போய்வர எடுத்துக்கொண்ட நேரம் இரண்டாவது தடயம். அந்த நேரத்தைத் தூரமாக மாற்றும்போது 2ஜியில் ஏறத்தாழ 550 மீட்டர் படிகளாகவும், 4ஜியில் ஏறத்தாழ 78 மீட்டர் படிகளாகவும் கணக்கு வரும். இரண்டு தடயங்களையும் சேர்த்தால் கிடைப்பது ஒரு புள்ளி அன்று, டவரைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஒரு பட்டை. நாளிதழ்கள் ‘டவர் லொகேஷன்’ என்று எழுதுவதும் பெரும்பாலும் இதுபோன்ற ஒரு பரப்பைத்தான். அதற்குள் ஒரு தெருவே அடங்கும், கிராமப்புறமானால் ஊரே அடங்கும். குறிப்பிட்ட வீட்டில் ஒருவர் இருந்தார் என்பதற்கு அது சான்றாகாது என்பதை நம் செய்தியாளர்கள் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி யானைமலைக்கு வருவோம். போன் தனக்கு அருகிலுள்ள டவரைத் தேர்வதில்லை, நன்றாகக் கேட்கிற டவரையே தேர்கிறது. அத்தனை பெரிய பாறை நேர்வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில், கிட்டத்து டவரை விடத் தொலைவிலுள்ள டவர் தெளிவாகக் கேட்பது இயல்பே. ஊர்த் திருவிழாவில் போடும் வேட்டுச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி, மலைக்குள்ளிருந்தே வெடித்ததுபோலக் கேட்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ரேடியோ அலைக்கும் அதுவே நேர்கிறது. ஒரு மைக்ரோ வினாடியில் அது 300 மீட்டர் ஓடிவிடும். ஆகவே பாறையைச் சுற்றியோ பாறையில் பட்டோ வந்த சிக்னல் இரண்டு மூன்று மைக்ரோ வினாடி தாமதித்தாலே கணக்கு 600 முதல் 900 மீட்டர் வரை தவறிவிடும். அப்பா விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இந்தப் பிழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சுற்றிவந்த பாதை நேர்ப்பாதையைவிட ஒருபோதும் குறுகியதாக இருக்க முடியாது. எனவே கணித்த தூரம் தவறாகவே இருந்தாலும், போன் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது என்று அதை ஓர் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பல டவர்களின் அளவுகளை ஒப்பிட்டு, மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் நீண்டு நிற்பதை எல்லையாக மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொண்டு இடம் காண்பது, துல்லியத்தைக் கூட்டுவதற்கான முக்கியமான உத்திகளில் ஒன்று.

டவர்கள் எத்தனை என்பதைவிட எப்படி நிற்கின்றன என்பதுதான் முக்கியம். செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டிக்குப் போகும் சாலை போன்ற ஒன்றை ஒட்டி நான்கு டவர்கள் ஒரே வரிசையில் நின்றால், தூரத்தை எவ்வளவு சரியாக அளந்தாலும் போன் சாலைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று அந்த அளவுகளால் சொல்ல முடியாது. டவர்கள் நெருங்கி நிற்கும் மதுரை மாசி வீதிகளிலோ கட்டடங்கள் நேர்வழியை விடுவதில்லை.

கடிகாரச் சிக்கல் தனி. பல டவர்களில் சிக்னல் பட்ட நேரங்களை ஒப்பிட்டு இடம் காண வேண்டுமானால், அந்த டவர்களின் கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். சில வகை 4ஜி வலையமைப்புகளில் அண்டை டவர்களின் கடிகாரங்கள் 3 மைக்ரோ வினாடிக்குள் ஒத்திருந்தாலே பேச்சுக்கும் இணையத்துக்கும் போதும். இடம் காணும் கணக்கில் அதுவே 900 மீட்டர். 2020-இல் நிறைவுற்ற 5ஜி தரவிதிகள், போனுக்கும் ஒவ்வொரு டவருக்கும் இடையே போய்வரும் நேரத்தைத் தனித்தனியாக அளந்து இந்தச் சிக்கலைத் தவிர்க்க வழி செய்தன. அலைவரிசையின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆகும்போது, நேராக வந்ததையும் எதிரொலியாக வந்ததையும் பிரித்தறியும் நுட்பம் 15 மீட்டரிலிருந்து 3 மீட்டராகக் கூர்மையாகிறது. ஆனால் நேர் அலையே வராத இடத்தில் எந்த அகலமும் கைகொடுக்காது.

ஜிபிஎஸ் உள்ள போன் வேறு கதை. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். அதையே செல்போன் வலையமைப்பு நொடியில் தந்துவிடுவதால்தான் இன்றைய போன்கள் சட்டென்று இடத்தைச் சொல்கின்றன. அப்போதும் வரைபடத்தில் புள்ளியைச் சுற்றித் தெரியும் நீல வட்டத்தைப் பாருங்கள். போன் மெய்யாகச் சொல்வது அந்த வட்டத்தைத்தான். அவசர அழைப்புகளுக்கு அமெரிக்கா வகுத்த பழைய விதி, கைபேசியே கணித்துச் சொல்லும் இடம் 100-இல் 67 அழைப்புகளுக்கு 50 மீட்டருக்குள்ளும் 95 அழைப்புகளுக்கு 150 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. எத்தனை அழைப்புகளுக்கு என்பதைச் சொல்லாமல் மீட்டரை மட்டும் சொல்லும் விளம்பரத்துக்கு என் கணக்கில் மதிப்பில்லை.

அப்பாவுக்கு ஜிபிஎஸ் உள்ள போன் வாங்கிக் கொடுத்தால், தோட்டத்தில் பாதி வானத்தை மலை மறைத்தாலும் மீதி வானத்தில் தெரியும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் போதும். பட்டன் போன்தான் வசதி என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அழைத்தவுடன் முதல் வாக்கியமாக ‘மலைக்கு மேலூர் ரோட்டுப் பக்கம்’ அல்லது ‘அழகர்கோயில் ரோட்டுப் பக்கம்’ என்று சொல்லப் பழக்குங்கள். மலை எந்தப் பக்கம் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

அன்புடன்.