பற்பசை பூசிய தாலர்

அன்புள்ள ஐயா,

நான் நான்கு ஆண்டுகளாகக் காசுகள் சேர்த்து வருகிறேன். சென்ற மாதம் எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தின் கூட்டத்திற்கு, 1780 என்று ஆண்டு பொறித்த மரியா தெரசா வெள்ளித் தாலர் ஒன்றைக் கொண்டு சென்றேன். கறுத்துக் கிடந்ததால் முந்தின இரவு பற்பசை பூசித் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தேன். அதைக் கையில் வாங்கிய ஒருவர் "இப்படிக் கெடுத்துவிட்டீர்களே" என்றார். இன்னொருவர் போலி என்றார். மூன்றாமவரோ, இருநூற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்த காசு, எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார். யாரை நம்புவது? செப்புக் காசுகளை வைத்திருக்கும் ஆல்பத்தில் சில நாட்களாகப் பச்சை நிறத்தில் ஏதோ பிசுபிசுக்கிறது; அது என்ன? இன்னொரு வருத்தமும் உண்டு. எங்கள் வட்டத்தில் ஒருவர், என்னிடம் வாங்கும்போது "தேய்ந்த காசு" என்று சொன்னதையே பிறருக்குக் கொடுக்கும்போது "புழங்காத காசு" என்கிறார். வீட்டிலும் இது வேண்டாத வேலை என்ற பேச்சுதான். தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூவரில் முதலாமவர் சொன்னது சரி என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்ற இருவரும் காசில் பொறித்திருந்த ஆண்டை மட்டும் படித்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போயிருக்கிறார்கள். ஆஸ்திரியாவை ஆண்ட அரசி மரியா தெரசா மறைந்தது 1780-இல். அவருடைய தாலர் செங்கடலோரத்திலும் எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் வணிகர்கள் நம்பி வாங்கும் வெள்ளியாகிவிட்டிருந்தது. வேறு முகமோ வேறு ஆண்டோ பொறித்த காசை அவர்கள் தயங்கித்தான் வாங்குவார்கள். ஆகவே அதே முகத்தையும் அதே 1780-ஐயும் பொறித்து, அவர் மறைவுக்குப் பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னா மட்டுமல்லாமல் இருபதாம் நூற்றாண்டில் ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் அக்கசாலைகளிலும் இந்தத் தாலர் அடிக்கப்பட்டிருக்கிறது. காசின் பின்பக்கத்திலுள்ள கழுகின் வாலிறகு அமைப்பு போன்ற நுணுக்கங்களைக் கொண்டு எது எந்த அக்கசாலையினுடையது என்று பிரிப்பதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மறு அச்சாகத்தான் இருக்கும். மறு அச்சு போலியாகாது. அது உண்மையான வெள்ளி, உண்மையான அக்கசாலையின் வேலை. 1780-இல் அடித்தது என்று சொல்லி எவரேனும் விற்றால்தான் அது பொய்யாகிறது.

இருந்தாலும் இந்தத் தாலருக்கு உண்மையான போலிகளும் நிறைய உண்டு என்பதால், சோதித்துப் பார்ப்பது நல்லது. அமிலம், உரைகல் எதுவும் வேண்டாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்தராசு ஒன்று, ஒரு கண்ணாடிக் குவளை, கொஞ்சம் நூல் ஆகியவை போதும். முதலில் காசை எடை போடுங்கள். இந்தத் தாலர் 28.07 கிராம் இருக்க வேண்டும், புழங்கித் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம். பிறகு பாதியளவு நீருள்ள குவளையைத் தராசின் மேல் வைத்துத் தராசைச் சுழியத்திற்குக் கொண்டுவந்துவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி நீருக்குள் முழுவதும் இறக்கி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். காசின் பாரத்தை நூல் தாங்கிக்கொள்வதால், தராசு இப்போது காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை மட்டுமே. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது உலோகம் நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்ற எண், கிடைத்துவிடும். தூய வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளியும் மீதி செம்புமான தாலருக்கு ஏறத்தாழ 10.2 வர வேண்டும். அதாவது நீரில் தொங்கும்போது தராசு 2.75-ஐ ஒட்டிக் காட்டினால் உலோகம் சரி. 3.1-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போனால் அது பித்தளையோ வெள்ளி முலாம் பூசிய செம்போ என்று சந்தேகப்படலாம். காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும் என்பதால், நூலை ஒருமுறை லேசாக ஆட்டிவிட்டுப் படியுங்கள். ஒரு எச்சரிக்கை: வெள்ளிக்கு ஓரளவு நன்றாக வேலை செய்யும் இந்த வழி பொற்காசுக்கு முழுப் பாதுகாப்புத் தராது. தங்கத்தின் ஒப்படர்த்தி 19.32, டங்ஸ்டனுடையது 19.25 என்பதால், உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் போர்த்திய காசு இந்தத் தராசை எளிதில் ஏமாற்றிவிடும்.

உலோகம் சரியென்றாலும் விளிம்பைப் பார்க்காமல் விடாதீர்கள். போலி செய்பவர் முகத்திற்குக் கொடுக்கும் கவனத்தை விளிம்புக்குக் கொடுப்பதில்லை. இந்தத் தாலரின் விளிம்பைச் சுற்றி "நீதியும் கருணையும்" என்று பொருள்படும் இலத்தீன் வாசகம் புடைப்பெழுத்தில் ஓடுகிறது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். சோப்பில் செதுக்கியதுபோல மழுங்கி, இடையிடையே ஊசிமுனைக் குழிகளும் விளிம்பைச் சுற்றி ஒரு இணைப்புக் கோடும் தெரிந்தால், அது அச்சில் அடித்ததில்லை, வார்த்தது.

இனி அந்தப் பற்பசைக்கு வருகிறேன். நீங்கள் இழந்தது என்ன என்று யாரும் விளக்காமல் "கெடுத்துவிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அது வெறும் அதட்டலாகத்தான் பட்டிருக்கும். அக்கசாலையில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளித் தகடு நசுங்கும்போது, உலோகம் ஒரு கணம் குழைந்து நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அப்படி ஓடிய தடங்கள், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் நின்றுவிடுகின்றன. புதுக்காசை ஒற்றை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துத் திருப்பினால், சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஒளிக்கீற்றுகள் நடுவைச் சுற்றி வருவதைக் காணலாம். அந்தக் கோடுகள் செய்யும் வேலை அது. பற்பசையில் இருப்பதோ பல்லின் கறையை உரசி எடுப்பதற்கான நுண்துகள். வெள்ளி பல்லின் எனாமலைவிட மென்மையானது. தேய்த்த பிறகு வருகிற மினுமினுப்பு எவர்சில்வர் தட்டின் மினுமினுப்பைப் போன்றது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி பளபளக்கும், எதுவும் சுழலாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், விரல் போன திசையிலெல்லாம் கீறல்கள் தெரியும். கறுப்பு என்று நீங்கள் நினைத்தது காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளியின் மேல் படிந்த சல்பைடு. அது மெல்லியதாகப் படியும்போது மஞ்சளும், பிறகு செவ்வூதாவும் நீலமுமாக மாறி, தடித்த பிறகே கறுப்பாகிறது. நிதானமாக நிறம் மாறிய காசுகளுக்கென்றே தனி ரசிகர்கள் உண்டு.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. தொடக்க காலத்தில் நல்ல செப்புக் காசு ஒன்றைப் பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசும் மெருகுப் பசையால் ஒரு மணி நேரம் தேய்த்து, புதுச் செம்பின் இளஞ்சிவப்பு வரும்வரை ஓயாத ஆள் நான். அந்தக் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது. எழுத்துகளின் உட்குழிவுகளில் அந்தப் பசை வெள்ளையாக உறைந்திருக்கிறது. இளஞ்சிவப்பு சில மாதங்களிலேயே திட்டுத்திட்டாகப் பழுப்பேறி, தோல் உரிந்ததுபோல் ஆகிவிட்டது. உங்கள் தாலரை இனி மேலும் எதுவும் செய்யாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி எடுத்தால், குழிவுகளில் மிஞ்சிய பசை ஓரளவு வெளியேறும். கீறல்கள் போகா. ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுப்பு மீண்டும் படிந்து அவற்றைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்.

ஆல்பத்துப் பச்சை இதைவிட அவசரமானது. காசுகளைச் செருகும் உறைகள் தொட்டால் மென்மையாகவும், புதிய மழைக்கோட்டுபோல ஒரு வாசனையோடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை பி.வி.சி. உறைகள். மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் வெளியே கசிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிப்பட்டுச் செம்பைத் தின்னத் தொடங்குகிறது. நீங்கள் பார்க்கும் பிசுபிசுப்பு இவை இரண்டும் சேர்ந்தது. காசுகளை உடனே வெளியே எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோன் ஊற்றி அதில் ஊறவையுங்கள். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, பசையை மட்டும் கரைக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது ஆகாது. பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது, சில வகைகள் கரைந்துவிடும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது. புதிய உறை வாங்கும்போது பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலின் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அட்டைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுவதாக இருந்தால், பின்னின் முனையை இடுக்கியால் தட்டையாக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த காசில் விழும் கீறலுக்கு அதுவே காரணமாகிவிடும். ரப்பர் பட்டையில் கந்தகம் உண்டு, அதை வெள்ளியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பிசுபிசுப்பாக இல்லாமல், தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடியாக இருந்தால் கதை வேறு. அது குளோரைடால் வரும் வெண்கல நோய். ஈரம் இருக்கும்வரை உலோகத்தை உள்ளே அரித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காசைத் தனியே பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் காட்டுங்கள். கடினமாகவும் வழுவழுப்பாகவும் படிந்த பழங்களிம்பு இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். அடியில் இருக்கும் உலோகத்துக்கு அதுவே காப்பு.

அடுத்தது, வாங்கும்போது ஒரு தரமும் விற்கும்போது இன்னொரு தரமும் சொல்லும் உங்கள் நண்பர். இந்தக் குறையைக் கேட்காத சேகரிப்பாளர் வட்டம் உலகில் எங்கும் இருக்க முடியாது. இன்று காசுகளின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணிச் சொல்கிறோமே, அந்த அளவுகோலை 1949-இல் தம் நூலில் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். பழைய அமெரிக்கச் செப்பு சென்ட் காசுகளுக்காக அதை வகுத்தார். அவரே அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்துவிட்டிருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பிறகு பழைய படங்களை ஒப்பிட்டபோது வெளிவந்து, வழக்குவரை போயிற்று. அளவுகோல் வகுத்தவரின் கதையே இப்படி என்றால், உங்கள் நண்பர் செய்வது சில்லறைக் குற்றம்தான்.

ஆனால் அவரோடு வாதிட ஒரு வழி உண்டு. தரத்தை அவர் வாயால் சொல்ல விடாதீர்கள். காசை விளக்கின் கீழ் வைத்து, இருவரும் சேர்ந்து மேடான இடங்களைப் பாருங்கள். காதுக்கு மேலுள்ள தலைமுடி, தோள், கழுகின் மார்பு என எது முதலில் உராயுமோ அங்கே ஒளிச்சுழல் அறுந்து, சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் காசு புழங்கியிருக்கிறது. எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு பளபளப்பு மிஞ்சியிருந்தாலும் இதற்கு மாற்றில்லை. விவரங்கள் குறைவாக இருந்தும் அந்த மேடான இடத்தில் ஒளி அறுபடாமல் சுழன்றால், அது தேய்மானமாக இருக்காது; அச்சு முழுதாகப் பதியாத காசு. இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவதில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. கொடுக்கல் வாங்கலுக்கு முன் இரண்டு பக்கங்களையும் விளிம்பையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நானும் ஒருமுறை படம் எடுக்காமல் ஒரு காசைப் பார்வைக்குக் கொடுத்து, திரும்பி வந்தபோது இது என் காசுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறேன்.

வீட்டுப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு காசோடும் என்ன காசு, எப்போது எவரிடம் வாங்கியது, எடை எவ்வளவு என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் அதை எடைக்குப் போடாமல் இருக்க, சீட்டைத் தவிர வேறு வழி எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.

முதலில் செப்புக் காசுகளை அந்த உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், தாலர் காத்திருக்கும். பிறகு அதை நீரில் தொங்கவிட்டு, தராசு காட்டிய எண்ணையும் விளிம்பின் படத்தையும் அனுப்புங்கள். கழுகின் வாலும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் வந்தால், எந்த அக்கசாலை என்று சேர்ந்து தேடிப் பார்க்கலாம்.