தம்பியின் டெலோரியன்

அன்புள்ள சார்,

நானும் தம்பியும் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவனுக்கு வயது 36. ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலப்பயணம் செய்யும் டெலோரியன் காரின் டாஷ்போர்டை அச்சு அசலாகச் செய்கிறேன் என்று கராஜிலேயே கிடக்கிறான். சம்பளத்தில் பாதி அதில் போகிறது. ‘படத்தில் அவர்கள் வந்து சேரும் எதிர்காலத் தேதி இன்றுதான்’ என்று வாட்ஸப்பில் வந்த ஒரு படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோர் முன்னாலும் “தப்புக்கா, இதுகூடப் பார்க்கமாட்டியா?” என்று கேட்டுவிட்டான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வேடிக்கைக்குப் போட்டதில் சரி என்ன, தப்பு என்ன? வளர்ந்தவர்கள் இப்படி விளையாடுவது ஆரோக்கியமானதுதானா? அப்புறம், மகன் கடந்த காலத்துக்குப் போய்ப் பெற்றோரின் சந்திப்பைக் கெடுத்தால் அவனே பிறக்கமாட்டானே, பிறகு யார் போய்க் கெடுத்தது?

எம்., ஃப்ரீமாண்ட்

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுங்கள். பையன் கையில் இருக்கும் குடும்பப் புகைப்படத்தில் அண்ணனும் அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக மறைவதைக் காட்டியே படம் அதைச் சமாளித்துவிட்டது. எனக்கு அது போதும்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி சொன்னது சரி. எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான். 1989-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர்கள் போய்ச் சேரும் நாள் 2015 அக்டோபர் 21. மாலை 4.29 மணி. காருக்குள் தேதி காட்டும் மின்பலகையில் பளிச்சென்று எரிகிறது. அந்தப் பலகையில் தேதியை மட்டும் மாற்றி, 2010 ஜூலையில் ஒரு போலிப் படம் உலகைச் சுற்றியது. 2012 ஜூனில் இன்னொன்று. பகிர்ந்தவர்களில் பாதிப் பேராவது அந்த சினிமாவைப் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சரிபார்க்கத் தோன்றவில்லை. நீங்களோ அந்த நாள் வந்துபோன பிறகும் பகிர்ந்திருக்கிறீர்கள். ‘வேடிக்கைக்குத்தானே’ என்று வேறு கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், வேடிக்கை என்பது உழைப்பு. உழைக்காமல் கையை வீசிக்கொண்டு வருகிறவரை எந்த ஆட்டத்திலும் சேர்ப்பதில்லை.

உண்மையான அந்த நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். வர்ஜீனியாவில் ரெஸ்டன் என்ற ஊர் சில நாட்களுக்குத் தன் பெயரையே படத்தில் வரும் ஊரான ‘ஹில் வேலி’ என்று மாற்றிக்கொண்டது. யூஎஸ்ஏ டுடே நாளிதழ், படத்தில் வரும் தன் கற்பனைப் பக்கத்தை நிஜத் தாளில் அச்சிட்டு வெளியிட்டது. எந்தத் தேதியில்? 21 அல்ல, 22. ஏனென்றால் படத்தில் வரும் நாளிதழில் அடுத்த நாளின் தேதிதான் இருக்கும். இதற்குப் பெயர்தான் விளையாட்டு. ஓரைலி என்ற கார் உதிரிபாகக் கடையின் இணையதளத்தில், படத்தில் காலப்பயணத்தைச் சாத்தியமாக்கும் கற்பனைக் கருவியான ‘ஃப்ளக்ஸ் கெபாசிட்டர்’ என்று தேடினால் பொருள் வரும், ஆனால் வாங்க முடியாது. அதன் பாக எண் 121ஜி. காலப்பயணத்துக்கு 1.21 ஜிகாவாட் மின்சாரம் வேண்டும் என்று படத்தில் கத்துகிறார்களே, அதுதான். பார்த்தவனுக்கு மட்டும் புரிகிற கண்சிமிட்டல். படத்தில் 2015-ல் கோப்பை வெல்லும் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி, நிஜத்தில் சரியாக அந்த அக்டோபர் 21 அன்றுதான் தோற்று வெளியேறியது. அடுத்த ஆண்டு வென்றுவிட்டார்கள்.

இயக்குநர் ஸெமெகிஸே பொய் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார். இரண்டாம் பாகம் வந்தபோது, அதில் பையன் ஏறிப் போகும் பறக்கும் பலகை நிஜம்தான், பெற்றோர் சங்கங்கள்தான் அதைக் கடைக்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று கேமராவுக்கு முன் முகம் மாறாமல் அடித்துவிட்டார். எத்தனையோ பிள்ளைகள் நம்பினார்கள். அது திறமையான பொய். நீங்கள் அனுப்பியதில் அந்தத் திறமையும் இல்லை.

கொஞ்ச நாளாகவே இந்த யோசனையில் இருந்தேன், அதனால்தான் உங்கள் கடிதத்தை ஒதுக்க முடியவில்லை. படப்பிடிப்பில் முதன்மையாக ஓட்டிய டெலோரியன் என்ன ஆயிற்று தெரியுமா? யூனிவர்சல் ஸ்டுடியோவில் திறந்த வெளியில் பல ஆண்டுகள் நின்று, வெயிலில் வெளுத்து, பாகங்கள் காணாமல் போய், எலும்புக்கூடாகிவிட்டது. திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான பாப் கேல் முன்னின்று அதைச் சீர்செய்ய ஏற்பாடு செய்தபோது, வேலைக்கு வந்தவர்கள் யார்? ரசிகர்கள். கராஜில் நகல் செய்துகொண்டிருந்தவர்கள். எந்தப் பெட்டி எந்தப் பழைய சாமானிலிருந்து வந்தது, எந்தக் கம்பி எங்கே வளைகிறது என்பதெல்லாம் ஸ்டுடியோவைவிட அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. பின்னால் பொருத்திய, குப்பையைப் போட்டால் மின்சாரம் தரும் கற்பனைக் கருவியான ‘மிஸ்டர் ஃப்யூஷன்’ ஒரு க்ரூப்ஸ் காபிக்கொட்டை அரைக்கும் மிஷின் என்று கண்டுபிடித்து, அதே மாடலைத் தேடி வாங்குகிறவர்கள் இவர்கள். 2013-ல் வேலை முடிந்தது. அந்தக் கார் பிறகு லாஸ் ஏஞ்சலீஸில் பீட்டர்சன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு காவல் காத்த இடத்தில் கெட்டுப்போனதை, விளையாட்டுப் பிள்ளைகள் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆரோக்கியமா என்று கேட்கிறீர்கள்!

நான் இந்தப் படத்தை வாடகை வீடியோ கேசட்டில் பார்த்தவன். படத்தின் தொடக்கத்தில், கார் காலப்பயணம் கிளம்பும் கடை வளாகத்தின் பெயர் ‘ட்வின் பைன்ஸ்’, இரட்டைப் பைன். பையன் 1955-க்குப் போனதும் காரை ஏற்றி ஒரு பைன் கன்றை முறித்துவிடுகிறான். திரும்பி வந்தால் பெயர்ப்பலகையில் ‘லோன் பைன்’, ஒற்றைப் பைன். படத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் கூட்டத்தில் அதைக் கண்டுபிடித்தது சதா வாய் பேசாமல் இருக்கும் ஒரு நண்பன். நம்பாமல் கேசட்டை ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். அந்த இடத்தில் கோடு விழுந்துவிட்டது என்று கடைக்காரர் எங்கள் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த நண்பனைப் பிறகு யாரும் ஊமை என்று கூப்பிடவில்லை. அவன் பேசாததற்குக் காரணம், நாங்கள் அவனிடம் சரியான கேள்வியைக் கேட்காததுதான்.

சம்பளத்தில் பாதி என்கிறீர்கள். வீட்டு வாடகையில் தன் பங்கை அவன் கொடுக்கிறானா? கொடுக்கிறான் என்றால் மிச்சக் கணக்கு உங்களுடையது அல்ல.

குழுவில் போட்ட படத்தை முதலில் நீக்குங்கள். அப்புறம் கராஜுக்குப் போங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அக்கா தம்பிக்குள் அது செயற்கையாக இருக்கும். ஒரு கேள்வி கேளுங்கள். 1979-ல் அமெரிக்க அரசு கார்களின் வேகமானியில் 85 மைலுக்கு மேல் எண் போடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதனால் நிஜ டெலோரியனின் வேகமானி 85-லேயே முடிந்துவிடும். படத்தில் காலத்தைத் தாண்ட மணிக்கு 88 மைல் வேகம் வேண்டும். படக்குழு அதை மாற்றித்தான் வைத்தார்கள். உன் டாஷ்போர்டில் எந்த வேகமானியை வைக்கப்போகிறாய், காருடையதா, படத்தினுடையதா என்று கேளுங்கள். பதில் லேசில் முடியாது, இரண்டு டீ போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.